உணவகத்தில் வளர்ந்த பிள்ளை உணவகத்தையே தேர்ந்தெடுக்கும்போது

அன்புள்ள அம்மாவுக்கு,

பள்ளி இறுதி ஆண்டில் படிக்கும் உங்கள் மகன், நல்ல மதிப்பெண் பெறக்கூடியவராக இருந்தும், மேற்படிப்பு வேண்டாம், நம் உணவகத்தையே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வதாக எழுதியிருந்தீர்கள். பல ஆண்டுகளாக அடுப்படியிலும் கல்லாவிலும் நின்று களைத்துப்போன நீங்கள், அவராவது வார விடுமுறை உள்ள ஒரு வேலைக்குப் போகட்டும் என்று விரும்புவதில் வியப்பில்லை. உங்கள் கணவர் இதைப் பற்றி எதுவும் பேசுவதில்லை என்றும் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்த மௌனத்தை மகன் சம்மதமாகவே எடுத்துக்கொண்டிருப்பார்.

உணவகத்திலேயே வளர்ந்த பிள்ளைகள் இப்படிச் சொல்லும்போது, அதற்குப் பின்னால் தொழில்மீது உண்மையான பிடிப்பு இருக்கலாம். பெற்றோர் தனியாகச் சிரமப்படுகிறார்களே என்ற இரக்கம் இருக்கலாம். வேறு எந்த வேலையையும் அருகிலிருந்து பார்த்ததே இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இவை எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். நேரடியாகக் கேட்டாலும் அவருக்கே பிரித்துச் சொல்ல வராது. எனவே அவரிடம் விளக்கம் கேட்பதை விட்டுவிட்டு, ஒரு கணக்கைப் போடச் சொல்லுமாறு பரிந்துரைக்கிறேன்.

கடையின் ஒரு மாத வரவு செலவு முழுவதையும் அவர் கையில் கொடுங்கள். பொதுவாக ஓர் உணவகத்தில் விற்பனைத் தொகையில் 28 முதல் 35 விழுக்காடு வரை சமையல் பொருட்களுக்கே போய்விடும். பொருட்செலவையும் ஆட்களின் சம்பளத்தையும் சேர்த்தால் 60 முதல் 65 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும் என்பது இத்தொழிலில் புழங்கும் அளவுகோல். ஆனால் குடும்பம் நடத்தும் உணவகங்களில் இந்தக் கணக்கு பெரும்பாலும் பொய்யாகிவிடுகிறது, ஏனென்றால் குடும்பத்தாரின் உழைப்புக்கு யாரும் சம்பளம் எழுதுவதில்லை. எடுத்துக்காட்டாக, 100 பங்கு விற்பனையில் பொருட்களுக்கு 35, வெளியாட்களின் சம்பளத்துக்கு 18, வாடகைக்கு 10, எரிபொருளுக்கும் மின்சாரத்துக்கும் 8, மற்றவற்றுக்கு 14 என்று போனால் 15 பங்கு லாபம் நிற்பதாகத் தோன்றும். நீங்களும் உங்கள் கணவரும் பிள்ளைகளும் செய்யும் வேலைக்கு வெளியிலிருந்து ஆட்களை வைத்தால் 12 பங்கு செலவாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது உண்மையான லாபம் 3 பங்குதான், மீதி அனைத்தும் நீங்கள் வாங்காமல் விட்ட சம்பளம். மகன் ஏற்க நினைப்பது இந்த இரண்டில் எதை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் சில பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். வேறு சிலரோ, எந்தப் பதார்த்தம் அதிகம் விற்றும் லாபம் தரவில்லை, எது லாபம் தந்தும் விற்கவில்லை என்று கிளறத் தொடங்குவார்கள். மைக்கேல் கசவானா, டொனால்ட் ஸ்மித் என்னும் இருவர் 1982-இல் உணவுப் பட்டியலை ஆராய்வதற்கு வகுத்த முறை, ஏறத்தாழ இந்தக் கேள்வியின் மீதுதான் நிற்கிறது. யாரும் சொல்லித் தராமலே உங்கள் மகன் அந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தால், அவருக்கு இத்தொழிலில் பிடிப்பு இருக்கிறது என்று நான் நம்புவேன். வாடிக்கையாளரிடம் இனிமையாகப் பேசுகிறார், கூட்ட நேரத்தில் பதறாமல் நிற்கிறார் என்பவை அரிய திறன்களே. ஆயினும் அவை மருத்துவமனை நிர்வாகத்திலும் விற்பனைத் துறையிலும் அதே அளவுக்குப் பயன்படுபவை என்பதால், அவற்றை மட்டும் வைத்து உணவகம்தான் என்று தீர்மானிக்க முடியாது.

படிப்பை விடுவது பற்றி: விட வேண்டியதில்லை. உணவகம் நடத்தப்போகிறவருக்கு விடுதி மேலாண்மைப் படிப்புதான் என்று பலரும் சொல்வார்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 1893-இலும், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1922-இலும் தொடங்கிய அந்தக் கல்வி மரபு மதிப்புக்குரியது. ஆனால் அது வளர்ந்தது பெரிய விடுதிகளின் தேவையை ஒட்டி. சமையலறையும் கல்லாவும் ஏற்கெனவே பழகிய ஒருவருக்கு வணிகவியலோ கணக்கியலோ உணவுத் தொழில்நுட்பமோ கூடுதலாகப் பயன்படும் என்பது என் கருத்து. சமைத்ததை உடனே குளிரவைக்க வேண்டும் என்பதை அவர் வழக்கமாகக் கற்றிருப்பார். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன என்ற காரணத்தைப் படிப்புதான் தரும். இன்னொரு வசதியும் உண்டு: நாளை கடை வேண்டாம் என்று தோன்றினாலும் இந்தப் படிப்புகள் வேறு வேலைக்கு வழிவிடும்.

படிப்பு முடிந்ததும் நேராகக் கடைக்கு வருவதையும் நான் ஆதரிப்பதில்லை. குறைந்தது இரண்டு ஆண்டுகள் வேறொருவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்யட்டும். சொந்தக் கடையில் அவர் தவறு செய்தால் சமையல்காரர் சிரித்துக்கொண்டே திருத்திவிடுவார். முதலாளியின் மகனிடம் உண்மையைச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் நகரில் 1897 முதல் குடும்பத்தின் கையில் இருக்கும் அர்சாக் உணவகத்தை இன்று நடத்தும் எலேனா அர்சாக், சுவிட்சர்லாந்தில் படித்து, பிறருடைய சமையலறைகளில் பயிற்சி பெற்ற பிறகே வீட்டுக்குத் திரும்பினார். உலகின் சிறந்த பெண் சமையல் கலைஞர் என்ற விருது 2012-இல் அவருக்குக் கிடைத்தது.

உடனடியாகக் கவனிக்க வேண்டியது அவருடைய இன்றைய நேரம். இரவு கடை மூடும் வரை நின்றுவிட்டுக் காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் மதிப்பெண், அவருடைய அறிவை அல்ல, தூக்கத்தையே காட்டும். பள்ளி நாட்களில் மாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்; தேர்வு மாதங்களில் அதுவும் வேண்டாம். செய்யும் வேலைக்கு, சிறிதாயினும் ஒரு தொகையைக் கணக்கில் எழுதிக் கொடுங்கள். குறைந்தபட்ச வேலை வயது குறித்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 138-ஆம் உடன்படிக்கை (1973), இளையோரின் இலகுவான வேலைகூடப் படிப்பைப் பாதிக்கக் கூடாது என்கிறது. குடும்பக் கடைதானே என்ற நினைப்பில் இது எளிதில் மறந்துபோகிறது.

உங்கள் கடிதத்தில் மகளைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: கல்லாவை இப்போதெல்லாம் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்று. கடையை யார் ஏற்பது என்ற பேச்சில் அவருடைய பெயர் எங்குமே வரவில்லை. குடும்பத் தொழில்களை ஆராய்ந்த ரெனாட்டோ தாகியூரியும் ஜான் டேவிஸும் 1978-இல் ஹார்வர்டில், குடும்பம், உடைமை, தொழில் என்று ஒன்றோடொன்று வெட்டிக்கொள்ளும் மூன்று வட்டங்களை வரைந்தார்கள். மகனாக இருப்பது குடும்ப வட்டம். கடையில் பங்கு இருப்பது உடைமை வட்டம். கடையை நடத்தத் தெரிந்திருப்பது தொழில் வட்டம். ஒன்றில் இருப்பதனாலேயே ஒருவர் மற்றொன்றிலும் இருக்க வேண்டும் என்பதில்லை. ஸ்பெயினின் ஜிரோனா நகரில் பெற்றோரின் எளிய உணவகத்தில் வளர்ந்த ரோக்கா சகோதரர்கள் 1986-இல் அதன் அருகிலேயே தங்கள் உணவகத்தைத் தொடங்கினார்கள். மூத்தவர் ஜோவான் சமையலையும், ஜோசெப் மது வகைகளையும், பின்னர் வந்து சேர்ந்த ஜோர்டி இனிப்புகளையும் ஏற்றார்கள். யார் மூத்தவர் என்பதைவிட யாருக்கு எது வரும் என்பதே அங்கே பொறுப்புகளைப் பிரித்தது.

ஆகவே இந்த மாதம் மகன் கல்லூரி விண்ணப்பங்களை நிரப்பட்டும். அவற்றை அனுப்புவதால் கடையைக் கைவிட்டதாக ஆகாது என்பதை உங்கள் கணவரே அவரிடம் வாய்விட்டுச் சொல்லட்டும். ஒரு மாதக் கணக்கை மகனும் மகளும் சேர்ந்தே போடட்டும், உங்கள் உழைப்புக்கு உரிய சம்பளத்தையும் அதில் எழுதட்டும். அந்தத் தாளோடு நால்வரும் வந்தால், எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்பதை ஒரே அமர்வில் பேசி முடித்துவிடலாம்.