தினமும் பார்க்கும் பொருளை நினைவிலிருந்து வரைந்தால் தப்பாக வருவது ஏன்?

வருடக்கணக்காகக் கண் முன்னால் இருக்கிற கடிகாரம், நாணயம் மாதிரியான பொருள்களைப் பார்க்காமல் வரையச் சொன்னால் சொதப்புகிறேனே, இது ஞாபக மறதியா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்பட ஒன்றுமில்லை, கிட்டத்தட்ட எல்லோருக்கும் இப்படித்தான் வரும். ஆனால் இதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்திருக்கின்றன. இரண்டாவதுதான் சுவாரசியமானது.

முதலாவது, நாம் சரியாகப் பார்க்கவே இல்லை. 1979-இல் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இருவர் அமெரிக்கர்களிடம் ஒரு சென்ட் நாணயத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். அதில் இருக்க வேண்டிய எட்டு அம்சங்களில் மூன்றை உரிய இடத்தில் போடுவதே பலருக்குப் பெரும்பாடாக இருந்தது. காரணம் எளிது. நிறத்தையும் அளவையும் வைத்தே அது எந்த நாணயம் என்று தெரிந்துவிடும்போது, ஆண்டு எந்தப் பக்கம் பொறித்திருக்கிறது என்று யார் கவனிக்கப் போகிறார்கள்? கால்குலேட்டரில் மேல் வரிசை எண்கள் எவை, போனில் எவை என்று பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். கால்குலேட்டரில் 7, 8, 9. போனில் 1, 2, 3. விரலுக்குத் தெரிந்தது நமக்குச் சட்டென்று வராது.

சரி, கவனிக்காததுதான் ஒரே காரணம் என்றால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தவற வேண்டும். எல்லோரும் ஒரே தவறைச் செய்தால்? அங்கேதான் ஸ்கீமா வருகிறது. 'கடிகாரம் என்றால் இப்படி இருக்கும்', 'அலுவலகம் என்றால் இவையெல்லாம் இருக்கும்' என்று அனுபவத்தில் மனத்துக்குள் படிந்துபோன பொது அச்சு அது. நினைவுகூர்தல் என்பது பழைய பதிவை அப்படியே எடுத்துப் பார்ப்பது இல்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டி எழுப்புவது என்று கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932-லேயே எழுதிவிட்டார். கட்டும்போது செங்கல் குறைந்தால் ஸ்கீமா கொடுத்து உதவும், நம்மிடம் சொல்லாமலே.

இதற்கு எனக்குப் பிடித்த சான்று ரோமன் எண் கடிகாரம். ரோமன் முறையில் நான்கை எப்படி எழுதுவோம்? ஐந்தின் குறிக்கு இடப்பக்கம் ஒரு கோடு. ஆனால் பெரும்பாலான ரோமன் எண் கடிகாரங்களில் அந்த இடத்தில் வரிசையாக நான்கு கோடுகள்தான் இருக்கும். (லண்டன் பிக் பென் விதிவிலக்கு.) 1993-இல் பிரெஞ்ச், ரிச்சர்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட ஒரு கடிகாரத்தை ஒரு நிமிடம் காட்டிவிட்டு வரையச் சொன்னார்கள். நினைவிலிருந்து வரைந்தவர்களில் பெரும்பாலோர் புத்தகத்தில் படித்த வடிவத்தையே எழுதினார்கள். 'பிறகு வரைய வேண்டியிருக்கும்' என்று முன்கூட்டியே சொல்லி வைத்த குழுவும் இதில் தப்பவில்லை. கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு வரைந்தவர்கள்தான் நான்கு கோடுகள் போட்டார்கள். ஆகவே 'கவனமாகப் பார்த்தால் போதும்' என்ற அறிவுரையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. தெரிந்ததுதானே என்று நினைக்கிற இடத்தில் கண் நிற்பதே கிடையாது.

அப்புறம் 1981-இல் புரூவர், டிரேயன்ஸ் செய்த சோதனை. ஒரு ஆராய்ச்சி மாணவரின் அலுவலக அறை என்று சொல்லி, பங்கேற்றவர்களை அங்கே 35 விநாடி காக்க வைத்தார்கள். வெளியே அழைத்து வந்து, உள்ளே என்னென்ன இருந்தது என்று திடீரென்று கேட்டார்கள். மேசை, நாற்காலி கிட்டத்தட்ட எல்லோருக்கும் எளிதாக வந்தது. புத்தகம் இருந்ததாகவும் சிலர் சொன்னார்கள். அந்த அறையில் ஒரு புத்தகம்கூடக் கிடையாது! அதே சமயம், அங்கே வைத்திருந்த மண்டை ஓட்டைச் சிலர் சரியாக நினைவு வைத்திருந்தார்கள். அதாவது ஸ்கீமாவுக்குப் பொருந்தாதது எல்லாம் அழிந்துபோகும் என்று சொல்லிவிட முடியாது. உறுத்துகிற அளவுக்கு விசித்திரமாக இருந்தால் அது தங்கிவிடலாம். கடிகாரத்தின் நான்கு கோடுகளுக்கு அந்த உறுத்தல் இல்லை, பார்த்தாலும் இயல்பாகவே தெரியும். அதனால்தான் அவை தொலைந்துபோகின்றன என்பது என் ஊகம்.

இதை மூளையின் கோளாறு என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. புது அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நாற்காலி எது, குப்பைத்தொட்டி எது என்று யோசிக்காமல் நடந்துகொள்ள முடிவது இதே ஸ்கீமாவால்தான். தொல்லை வருவது, நடந்ததைத் துல்லியமாகச் சொல்ல வேண்டிய இடங்களில். அங்கே ஒருவர் 'அறையில் புத்தகங்கள் இருந்தன' என்றால் அது பார்த்ததாகவும் இருக்கலாம், இட்டு நிரப்பியதாகவும் இருக்கலாம். சொல்கிறவருக்கே வித்தியாசம் தெரியாது. 'மண்டை ஓடு இருந்தது' என்றால் நான் கொஞ்சம் கூடுதலாக நம்புவேன், அலுவலக ஸ்கீமாவில் அதைத் தரக்கூடிய எதுவும் இல்லையே.