லாராவின் அப்பா ஏன் ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார்?

அமெரிக்க எழுத்தாளர் லாரா இங்கால்ஸ் வைல்டர் தன் குடும்பத்தைப் பற்றி எழுதிய கதைகளில் வரும் அப்பா சார்லஸ், பிடிலும் குடும்பமுமாக ஓயாமல் இடம் மாறியதற்கு அவருடைய நாடோடி மனசுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். மனசும் ஒரு காரணம்தான். ஆனால் பல முறை அவரைக் கிளப்பியது கடனும் வெட்டுக்கிளியும்.

விஸ்கான்சின் நிலத்தை விற்றுவிட்டு 1869-ல் கான்சஸில் அவர் வீடு கட்டிய இடம் ஓசேஜ் பழங்குடிகளுடையது. அங்கே குடியேற அவருக்குச் சட்டப்படி உரிமை கிடையாது. குடும்பமே மலேரியாவில் படுத்தபோது வைத்தியம் பார்த்தவர் ஜார்ஜ் டான் என்ற கறுப்பின மருத்துவர். விஸ்கான்சின் நிலத்தை வாங்கியவரால் பாக்கியைக் கட்ட முடியாமல் போக, 1871-ல் இவர்கள் திரும்பிவிட்டார்கள். இவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு நிலம் இருந்தது. ஓசேஜ் மக்களோ சொந்த மண்ணை இழந்து இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போக வேண்டியதாயிற்று. இதைச் சொல்லாமல் குடியேறிகளின் கஷ்டத்தை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை.

1874-ல் மினசோட்டா, வால்நட் குரோவ். ஓடைக்கரையைக் குடைந்து அமைத்த மண் வீடு. கோதுமை விளைந்து நிற்கையில் ராக்கி மலை வெட்டுக்கிளிகள் வந்து இறங்கி, தாளைக்கூட விடாமல் தின்று, அதே மண்ணில் முட்டையிட்டன. அடுத்த வருஷப் பயிரும் போச்சு. கூலிக்கு அறுவடை வேலை தேடி சார்லஸ் கிழக்கே நடந்தே போனார். 1875 கடைசியில், 'கையில் எதுவுமே இல்லை' என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டு, நிவாரணமாக இரண்டு அரைப் பீப்பாய் மாவு வாங்கினார். யாரிடமும் கைநீட்டாத மனிதர் அந்தக் கையெழுத்தைப் போட்டபோது என்ன பாடுபட்டிருப்பார்!

1876-ல் ஒன்பது மாதக் கைக்குழந்தை ஃபிரெடி இறந்தான். பிறகு அயோவாவில் பர் ஓக் என்ற ஊரில் ஹோட்டல் வேலை. அங்கும் கடனை அடைக்க வழியில்லாமல் ராத்திரியோடு ராத்திரியாக வண்டி கட்டிக் கிளம்பினார்கள். 1879-ல் மூத்த மகள் மேரிக்குக் கண்பார்வை போனது. அந்த வருஷமே ரயில் பாதை போடும் இடத்தில் கணக்கு வேலை கிடைத்து, டகோட்டா போனார்கள். ஐந்து வருஷம் குடியிருந்து பயிரிட்டால் 160 ஏக்கர் உனக்கு என்றது 1862-ம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம். மழை குறைந்த அந்தச் சமவெளியில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குப் போதாது என்பது போனவர்களுக்குத்தான் தெரிந்தது.

1880-81 குளிர்காலத்தில் பனிப்புயல்களால், டகோட்டாவில் அவர்கள் குடியிருந்த டி ஸ்மெட் என்ற ஊருக்கு மாதக்கணக்கில் ரயிலே வரவில்லை. நிலக்கரி தீர்ந்ததும் வைக்கோலைக் கயிறுபோல் முறுக்கி எரித்தார்கள். காப்பிக்கொட்டை அரைக்கும் கை மெஷினில் கோதுமையை அரைத்து ரொட்டி சுட்டார்கள். வைக்கோல் முறுக்கியும் குளிரில் விறைத்தும் அப்பாவின் விரல்கள் வீங்கிப்போய், பிடில் வாசிக்க முடியாமல் போனது என்று லாரா எழுதியிருக்கிறார். நான் வயலின் கற்பவள். இடது கை விரல்நுனி கொஞ்சம் மரத்தாலே சுருதி விலகிவிடும் என்பதால், அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். தினமும் சாயங்காலம் பாட்டு கேட்டு வளர்ந்த வீடு அது.

நாடோடி மனசு பற்றிக் கேட்டீர்களே, அது நிஜமாக வெளிப்பட்டது இதற்குப் பிறகுதான். சார்லஸுக்கு இன்னும் மேற்கே, ஓரிகன் வரை போக ஆசை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், இனி எங்கேயும் நகர மாட்டேன் என்று மனைவி கரோலின் உறுதியாக நின்றார். அதனால் 1902-ல் இறக்கும்வரை சார்லஸ் டி ஸ்மெட்டிலேயே இருந்தார்.