சோற்றுக்குப் பதில் என்ன? வாசகர் கேள்வி பதில்

மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளின் கேள்விகள் இந்த இதழில். கீழே வரும் எடைகள் எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. சமைத்த பின் எடை என்றால் அங்கேயே சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: ஆறு மாதமாக இரவில் சோறே தொடுவதில்லை. மூன்று சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமா, அவ்வளவுதான். ஆனாலும் இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சுகர் 230-க்குக் கீழே இறங்கவில்லை. ஏன்? (வாசகி, மதுரை)

100 கிராம் கோதுமை மாவில் சுமார் 64 கிராம் மாவுச்சத்து இருக்கிறது; அரிசியில் 78. வீட்டில் இடும் சப்பாத்தி ஒன்றுக்கு 40 கிராம் மாவு பிடிக்கும். மூன்றுக்கு 77 கிராம் மாவுச்சத்து ஆகிவிட்டது. இதே அளவு சோற்றிலிருந்து வர வேண்டுமென்றால் 100 கிராம் அரிசியை வடித்து, தட்டு நிறைய 300 கிராம் சோறு சாப்பிட வேண்டும். அதோடு குருமாவில் கிடக்கும் உருளைக்கிழங்கு 100 கிராம் என்றால் இன்னும் 15 கிராம். சோற்றை விட்டீர்களே தவிர, மாவுச்சத்து அப்படியே இருக்கிறது.

‘சுகர் வந்தால் ராத்திரிக்குச் சப்பாத்தி’ என்பது நம் ஊரில் மருந்துச்சீட்டு போலவே ஆகிவிட்டது. சோற்றை அளவில்லாமல் போட்டுக்கொள்பவர், சப்பாத்தி என்றால் எண்ணிச் சாப்பிடுவார். அதில்தான் கொஞ்சம் பலன் வந்திருக்குமே ஒழிய, கோதுமையின் மகிமை என்று எதுவும் இல்லை.

ஒரு வேளைக்கு 40 கிராம் மாவுச்சத்து என்று எல்லை வைத்துக்கொண்டு தட்டைத் திருப்பிப் போடுங்கள். 30 கிராம் மாவில் மெல்லியதாக ஒரு சப்பாத்தி (19 கிராம்). பீன்ஸ், அவரை, கோஸ், வாழைத்தண்டு, கீரை இவற்றில் ஏதாவது ஒன்று, சமைத்த பின் 200 கிராம் வருகிற மாதிரி. இரண்டு முட்டை, அல்லது 100 கிராம் பனீர், அல்லது ஒரு துண்டு மீன். உருளை, மரவள்ளி, சேனை, வாழைக்காய் நான்கையும் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை சோற்றுக் கணக்கு. காயையும் முட்டையையும் முதலில் சாப்பிட்டுச் சப்பாத்தியைக் கடைசியில் எடுத்துக்கொண்டால் ஏற்றம் இன்னும் மட்டுப்படும். முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கணக்கிட்டுச் சோதியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இலக்கு 180-க்குள்.

கேள்வி: அரிசிக்குப் பதில் வரகு, சாமை, காலையில் கேழ்வரகுக் கஞ்சி என்று மாறிவிட்டோம். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்தானே? (வாசகர், தருமபுரி)

கூடாது. 100 கிராமுக்குக் கேழ்வரகில் 67, வரகில் 66, சாமையில் 65, கம்பில் 62 கிராம் மாவுச்சத்து. கோதுமைக்கும் இவற்றுக்கும் பெரிய தூரம் இல்லை. நார்ச்சத்து உண்டு, உண்மை. ஆனால் பாலிஷ் போட்டு வெள்ளை வெளேரென்று பாக்கெட்டில் வரும் வரகில் அதில் பெரும்பங்கு தவிட்டோடு போய்விட்டது. மங்கலான நிறத்தில், தவிடு ஒட்டியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

கஞ்சிதான் இதில் பெரிய சிக்கல். மாவாக அரைத்து, கொதிக்க வைத்து, மெல்லாமல் விழுங்குவதால் வயிற்றுக்கு வேலையே இல்லை. சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். அதே கேழ்வரகு மாவு 30 கிராமை முருங்கைக்கீரை, வெங்காயம் சேர்த்து அடையாகத் தட்டி, பக்கத்தில் முட்டையோ சுண்டலோ வைத்துச் சாப்பிட்டால் அவ்வளவு வேகமாக ஏறாது.

கேள்வி: காலிஃபிளவர் சோறு செய்தேன். குழகுழவென்று ஆகி, ஒரு வாடையும் வந்தது. வீட்டில் யாரும் தொடவில்லை. (வாசகி, கோவை)

குழைந்ததற்கும் வாடைக்கும் காரணம் தண்ணீரும் மூடியும்தான். புழுவுக்குப் பயந்து மஞ்சள், உப்பு போட்ட வெந்நீரில் பூவை முக்குவோம். அந்த ஈரத்தோடு மிக்ஸியில் போட்டால் விழுதாகிவிடும். மூடி வைத்து வேகவிட்டால் பூவிலிருக்கும் கந்தகச் சத்தின் வாடை வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கும்.

தண்டு நீக்கிய பூ 400 கிராம் இரண்டு பேருக்கு வரும். பெரிய துண்டுகளாகவே வெந்நீரில் இரண்டு நிமிடம் வைத்து எடுத்து, துணியில் அரை மணி நேரம் பரப்பிவிடுங்கள். பிறகு கேரட் துருவியின் பெரிய கண்ணில் துருவுங்கள். மிக்ஸிதான் என்றால் ஒரு கைப்பிடி போட்டு, விட்டு விட்டு இரண்டு சுற்று. அதற்கு மேல் வேண்டாம். வாயகன்ற வாணலியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், கடுகு, கறிவேப்பிலை தாளித்து, துருவலைப் பெரிய தீயில் நான்கைந்து நிமிடம், மூடாமல் புரட்டுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரும் தெளிக்காதீர்கள். உப்பு இறக்கும்போது. முதலிலேயே போட்டால் நீர் விட்டுக்கொள்ளும்.

எதற்குப் பொருந்தும் என்பதும் முக்கியம். எலுமிச்சை, தேங்காய், புளிக்காய்ச்சல், முட்டை, மிளகு எல்லாவற்றுக்கும் நன்றாக இருக்கும். சாம்பார் ஊற்றிப் பிசைய முடியாது, பிசைந்தால் ஏமாற்றம்தான். ரசத்தைத் தம்ளரில் குடித்துவிடுங்கள். தயிருக்கு வெள்ளரித் துருவல் போதும். மாறவே மனம் வராதவர்களுக்கு ஒரு சமரசம் உண்டு: சமைத்த சோறு 75 கிராமில் (சுமார் 20 கிராம் மாவுச்சத்து) 150 கிராம் காலிஃபிளவர் துருவலைக் கலந்துவிடுவது. பல வீடுகளில் நிலைத்து நிற்பது இதுதான். கோடையில் பூ விலை ஏறினால் முட்டைக்கோஸைப் பொடியாகக் கொத்தி இதே முறையில் செய்யலாம்.

கேள்வி: நாங்கள் சைவம், முட்டையும் இல்லை. காலை டிபன் இட்லி, தோசைதான். மாற்று உண்டா? (வாசகி, கும்பகோணம்)

நான்கு இட்லியில் 40 முதல் 50 கிராம் மாவுச்சத்து; புரதம் 8 கிராம் தேறினால் அதிகம். நாலுக்கு ஒன்று என்ற அரிசி–உளுந்து விகிதத்தை ஒன்றுக்கு ஒன்றாக மாற்றிப் பார்க்கிறார்கள். தோசைக்கு அது சரி. இட்லி பரந்து தட்டையாகி, பிசுபிசுக்கும்.

நல்ல மாற்று பச்சைப்பயறு தோசை. ஆளுக்கு 60 கிராம் பயறை ஆறேழு மணி நேரம் ஊறவைத்து, இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம் சேர்த்துக் கெட்டியாக அரைத்தால் இரண்டு தோசை. மாவுச்சத்து 28 கிராம், புரதம் 13, நார்ச்சத்து 10. மொறுமொறுப்புக்கு அரிசி சேர்க்கும் வழக்கம் உண்டு, அதை விட்டுவிடுங்கள். புளிக்க வேண்டியதில்லை, உடனே வார்க்கலாம். கல்லில் ஒட்டினால் மாவு நீர்த்திருக்கிறது, அல்லது கல் அதிகம் காய்ந்திருக்கிறது. தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். மேலே 50 கிராம் பனீர் உதிர்த்துப் போட்டால் மதியம் வரை பசிக்காது. சட்னியில் பொட்டுக்கடலையைக் குறைத்து வேர்க்கடலை வையுங்கள்.

கேள்வி: பாதாம் மாவில் ரொட்டி இட்டால் உடைந்து போகிறது. (வாசகர், சென்னை)

அதில் பசைத்தன்மை இல்லை, கோதுமை போல் இழுபடாது. 100 கிராம் மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி இசப்கோல் தூள், சிறிது உப்பு, அரைக் கப் வெதுவெதுப்பான நீர் (கொஞ்சம் கொஞ்சமாக). பிசைந்து 15 நிமிடம் வைத்த பிறகே உருட்டுங்கள்; இசப்கோல் உப்பிப் பிடித்துக்கொள்ள அந்த நேரம் வேண்டும். இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே, சற்றுக் கனமாக. நிறையத் தண்ணீர் குடியுங்கள். மாத்திரையை இதோடு சேர்த்துப் போடாமல் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். விலையைப் பார்த்தால் தினசரி உணவாகாது என்பதும் உண்மை.

கேள்வி: சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி காபி குடிக்கிறேன். (வாசகி, தூத்துக்குடி)

கருப்பட்டி, வெல்லம், நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாமே சர்க்கரைதான். 10 கிராம் வெல்லத்தில் எட்டரை கிராம் மாவுச்சத்து. இனிப்பு வேண்டுமென்றால் ஸ்டீவியா அல்லது சுக்ரலோஸ். அஸ்பார்டேம் கொதித்தால் இனிப்பை இழக்கும். இறக்கிய பிறகு சேர்க்க வேண்டும். ‘சுகர் ஃப்ரீ’ பிஸ்கட்டின் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். முதல் பொருளாக மைதாவும், பின்னால் மால்டிடாலும் மால்டோடெக்ஸ்ட்ரினும் (இவையும் சுகரை ஏற்றுபவைதான்) இருந்தால் பெயரில் மட்டும்தான் சர்க்கரை இல்லை.

கேள்வி: கிளிமிப்பிரைடு, வோக்ளிபோஸ் போட்டுக்கொள்கிறேன். சோற்றைப் பாதியாகக் குறைத்ததிலிருந்து பதினொரு மணிக்குக் கை நடுங்குகிறது, வியர்க்கிறது. (வாசகர், சேலம்)

உணவைக் குறைக்கும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் ஆகியவை பழைய அளவு சோற்றுக்குக் கணக்கிட்டுத் தரப்பட்டவை. சோறு பாதியானால் அதே மருந்து அதிகமாகிவிடும். நடுக்கம் வந்ததும் சோதியுங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சோதிக்க வசதியில்லை என்றால் காத்திருக்காமல் குடித்துவிடுங்கள். உங்களுக்குச் சர்க்கரையோ பிஸ்கட்டோ உதவாது; அவை குளுக்கோஸாக உடைவதை வோக்ளிபோஸ் தாமதப்படுத்தும். குளுக்கோஸ் பவுடரே வேண்டும், அது சட்டைப்பையிலேயே இருக்கட்டும். இந்த வாரமே மருத்துவரிடம் அளவைக் குறைக்கக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் (சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகள்) போடுபவர்கள் மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்தால் வேறோர் ஆபத்து: ரத்தத்தில் கீட்டோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள்) ஏறி அமிலத்தன்மை கூடும். சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வரும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகள், முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் இந்தப் பக்கத்தை வைத்து உணவை மாற்ற வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் அரிசியை அடியோடு நிறுத்திவிடலாமா? (வாசகர், விழுப்புரம்)

தேவையில்லை. புதிதாக நோய் கண்டவர்களின் சர்க்கரை இயல்புக்குத் திரும்ப, மொத்தக் கலோரியில் 49 முதல் 54 சதவீதம் மாவுச்சத்து, 20 சதவீதம் அளவுக்குப் புரதம் என்றுதான் 2022-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின் கணக்கு சொன்னது. நாம் சொல்லும் வேளைக்கு 40 கிராம் அதைவிடக் குறைவு. அதற்குள்ளும் ஒரு கரண்டிச் சோற்றுக்கு இடமுண்டு.

கேள்வி: மாம்பழம்? (வாசகி, கிருஷ்ணகிரி)

சுளையாக 100 கிராம், அதாவது ஒரு கன்னம், சுமார் 15 கிராம் மாவுச்சத்து. சாப்பாட்டுக்கு மேல் வேண்டாம். மாலை நான்கு மணிக்கு, ஒரு பிடி வேர்க்கடலையோடு. சாறாகப் பிழியக் கூடாது. மீதிக் கன்னம் யாருக்கு என்பதை வெட்டும்போதே முடிவு செய்துவிடுங்கள்.