கண்ணுக்குத் தெரியாத 5 மில்லிவாட்

கேள்வி: தூரம் அளக்கும் சென்சார் ஒன்று செய்கிறேன். அதில் 850 நானோமீட்டர், 5 மில்லிவாட் லேசர் டயோடு. சிவப்பு லேசர் பாயின்டரும் 5 மில்லிவாட்தானே, இதற்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டுமா?

பதில்: வேண்டும். மில்லிவாட் ஒன்றுதான், ஆபத்து ஒன்றல்ல.

சிவப்பு ஒளி கண்ணில் பட்டதும் இமை மூடிக்கொள்ளும், தலை திரும்பும். இதற்கு 0.25 விநாடி என்று கணக்கு வைத்துத்தான் பார்க்க முடிகிற லேசர்களுக்கு, கிளாஸ் 2 என்ற ஆபத்து வகையில், 1 மில்லிவாட் வரை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். (5 மில்லிவாட் பாயின்டரே இந்த வரம்பைத் தாண்டியதுதான், அதை நல்லபிள்ளை என்று நினைக்க வேண்டாம்.) உங்கள் 850 நானோமீட்டர் அகச்சிவப்பு. அது பட்டால் இமை அசையாது, கண்பாப்பாவும் சுருங்காது. ஆனால் 1400 நானோமீட்டர் வரை கருவிழியும் லென்ஸும் அதை உள்ளே விட்டு, விழித்திரையில் நுண்புள்ளியாகக் குவித்துவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது. காயம் பட்டதே பார்வையில் கரும்புள்ளி வந்த பிறகுதான் தெரியவரும்.

அதனால் அகச்சிவப்புக்குக் கிளாஸ் 2 என்ற வகையே கிடையாது. லேசர் பாதுகாப்புக்கான ஐஇசி 60825-1 என்ற சர்வதேசத் தரநிலைப்படி, 850 நானோமீட்டரில் தொடர்ந்து எரியும் சிறு ஒளிமூலத்துக்கு, 10 விநாடிக்கு மேல் பட்டால் வரம்பு சதுர மீட்டருக்குச் சுமார் 20 வாட். விரிந்த பாப்பாவை 7 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் கண்ணுக்குள் போகலாம் என்பது 0.78 மில்லிவாட். அதற்கு மேலான ஆபத்து வகை, கிளாஸ் 3ஆர், சுமார் 4 மில்லிவாட்டோடு முடிகிறது. உங்கள் 5 மில்லிவாட் முழுவதும் ஒரே கற்றையாக வந்தால் அது இன்னும் மேலே, கிளாஸ் 3பி.

தூரம் காப்பாற்றுமா? ஓரளவு. சதுர மீட்டருக்கு 20 வாட்டாகக் குறைய இந்தக் கற்றை ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் அகலத்துக்கு விரிய வேண்டும். 2 மில்லிமீட்டரில் கிளம்பி மீட்டருக்கு 2 மில்லிமீட்டர் விரிகிறது என்றால் 8 மீட்டர் ஆகும். கற்றையின் நடுப்பகுதி பெரும்பாலும் சராசரியைவிடக் கடுமை, ஆகவே இன்னும் தாராளமாக விலகி நில்லுங்கள். லென்ஸ் இல்லாத வெறும் டயோடு வேகமாக விரியும். லென்ஸ் மாட்டிய பிறகுதான் தலைவலி. பளபளப்பில்லாத சுவரில் சிதறி வருவது இந்தச் சக்தியில் பெரிய கவலை இல்லை. மேசைமேல் கிடக்கும் ஸ்குரூடிரைவர், கைக்கடிகாரம் மாதிரிப் பளபளப்பானவைதான் எதிரி, முதலில் அவற்றை அப்புறப்படுத்துங்கள்.

1550 நானோமீட்டரில் கதை வேறு. விழித்திரைக்குப் போகுமுன் கண்ணின் முன்பகுதியில் உள்ள நீரே அதை உறிஞ்சிவிடும். வரம்பு சதுர மீட்டருக்கு 1000 வாட். ஆனாலும் வாட் கணக்கில் போனால் கருவிழி வெந்துவிடும்.

கண்ணாடி வாங்கும்போது 850 நானோமீட்டருக்கு ஓடி (OD, ஒளி அடர்த்தி) 2 அல்லது அதற்கு மேல் என்று அதிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். ஓடி 2 என்றால் நூறில் ஒரு பங்குதான் உள்ளே வரும். கூலிங் கிளாஸ் உதவாது. இருட்டில் பாப்பா விரிவதுதான் மிச்சம். கற்றை எங்கே விழுகிறது என்று பார்க்க அகச்சிவப்பு அட்டை (கற்றை பட்ட இடத்தில் ஒளிரும் அட்டை) வைத்துக்கொள்ளுங்கள். போன் கேமராவை நம்பாதீர்கள், பலவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் உண்டு. அதில் புள்ளி தெரியவில்லை என்பதற்காக டயோடு அணைந்திருப்பதாக அர்த்தமில்லை.

கண்ணில் பட்டதாகச் சந்தேகம் வந்தால், அல்லது பார்வையில் ஒரு புள்ளி போகாமல் நின்றால், தாமதிக்காமல் விழித்திரை மருத்துவரிடம் போங்கள். டயோடின் அலைநீளம், சக்தி இரண்டையும் சீட்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.