ஊசி போட்ட வாரம் ஓர் ஆள், மூணாம் வாரம் வேற ஆள்

செங்கோட்டையைத் தாண்டி, புளியரைப் பக்கம் அரிசிக் கடை வைத்திருக்கும் 44 வயது வாசகர் எழுதுகிறார்:

“மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வந்த கட்டிக்குத் திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் முடிந்து, ஒன்றரை வருஷமாக மூன்று வாரத்துக்கு ஒரு டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி, 250 மில்லிகிராம் போடுகிறேன். போட்ட நாலைந்து நாள் ஊர்க் கதையெல்லாம் என் கடை வாசலில்தான். மூணாம் வாரம் யார் போனையும் எடுக்கப் பிடிக்கலை. சேக்காளிகள் ‘என்னத்தையோ சாப்பிடுதான்ல’ என்று சிரிக்கிறார்கள். வீட்டில் ‘ஊசி எப்ப?’ என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்கிறாள். இது மருந்தா, என் குணமா? ஜெல்லுக்கு மாறலாமா?”

பெரும்பாலும் மருந்துதான், அண்ணாச்சி. இந்த ஊசி எண்ணெயில் கலந்தது. தசையில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். முதல் சில நாள் ரத்தத்தில் அளவு இயல்பையும் தாண்டி ஏறும். மூணாம் வாரத்தில் பலருக்குப் பழைய குறைபாட்டுக்கே இறங்கிவிடும். சீசனில் குற்றால அருவியைப் பார்த்தவர் நீங்கள்: ஆடியில் பக்கத்தில் நிற்க முடியாது, மாசியில் பாறையில் ஒரு நூல். அதே ஏற்ற இறக்கத்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை உங்கள் உடம்பு பார்க்கிறது.

கடையில் தொங்கும் நாள்காட்டியில் ஊசி நாளை வட்டமிடுங்கள். தினம் ராத்திரி கல்லாவை எண்ணி முடித்ததும் தூக்கம், கோபம், ஆசை, ஆள் பேச்சு நாலுக்கும் ஒவ்வொரு வார்த்தை எழுதுங்கள். ஆறு வாரம் போதும். இரண்டு ஊசிக்கு நடுவில் ஒருமுறை, அடுத்த ஊசிக்கு முந்தின நாள் ஒருமுறை என்று ரத்தப் பரிசோதனை செய்யலாமா என டாக்டரிடம் கேளுங்கள். மூணாம் வாரச் சரிவு அதில் தெரிந்தால், அளவைப் பிரித்துச் சீக்கிரம் சீக்கிரம் போடுவார்; அல்லது பத்துப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒன்று போதும் என்கிற 1000 மில்லிகிராம் ஊசிக்கு மாற்றுவார். அது விலை கூட. நீங்களாகத் தேதியை மாற்றாதீர்கள். மூணாம் வாரச் சோர்வுக்குத் தைராய்டு ஹார்மோனும், கார்ட்டிசோல் என்கிற இன்னொரு ஹார்மோனும் குறைந்திருப்பதுகூடக் காரணமாகலாம்; அவற்றைச் சுரக்க வைப்பதும் பிட்யூட்டரிதான். பிட்யூட்டரி ஆபரேஷன் ஆனவருக்கு அவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கோபம் பற்றி ஒன்று. சரியான அளவில் போடும் ஹார்மோன் சாதுவை ரவுடியாக்காது. அளவு மீறினால் சிலருக்கு எரிச்சல் வரும். ஆனால் என்னிடம் வரும் வீடுகளில் நான் அடிக்கடி பார்ப்பது வேறு. ஆபரேஷனுக்கு முன் வருஷக்கணக்காக எதற்கும் ‘சரி, சரி’ என்று ஒதுங்கியிருந்த மனுஷன், இப்போது மச்சினன் கடன் கேட்டால் ‘எதுக்கு?’ என்கிறார். வீட்டுக்கு அது புதுசு, அவ்வளவுதான், நோயில்லை. கை ஓங்கினாலோ, தூக்கமே இல்லாமல் வண்டியை விரட்டினாலோ கதை வேறு. அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். குறட்டை கூடியிருக்கிறதா என்றும் வீட்டில் கேளுங்கள். இந்தச் சிகிச்சையில் சிலருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடை மோசமாகும். காலையில் கடைப் பையன் மேல் எரிந்து விழுவதற்கு அதுவே போதும். ஹீமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 54 சதவீதம் தாண்டினால் ஊசியை நிறுத்தி வைப்பார்கள். அந்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஜெல் அளவைச் சீராக வைக்கும். தோள்பட்டையில் தினம் தடவ வேண்டும். ஆனால் உங்கள் பக்கத்து வாழ்க்கையை யோசியுங்கள். ஆரியங்காவு கோயிலுக்குச் சட்டையைக் கழற்றித்தான் போவீர்கள். வீட்டில் தோளில் துண்டு மட்டும், அதன்மேல் குழந்தை தூங்கும். தோலிலிருந்து தோலுக்கு மருந்து ஒட்டும். குழந்தைகளுக்கு அகாலத்தில் பருவ மாற்றம் வந்ததைப் பார்த்துத்தான் 2009இல் அமெரிக்க மருந்துத் துறை கட்டம் கட்டிய எச்சரிக்கையை ஜெல்லில் போடச் சொன்னது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, காய்ந்ததும் சட்டையால் மூடி, யாரையும் தூக்குமுன் அந்த இடத்தைக் கழுவ முடியும் என்றால் மாறலாம்.

சேக்காளிகளில் நம்பிக்கையான ஒருத்தரிடம் ‘ஹார்மோன் குறைவு, சுகர்காரர் இன்சுலின் போடுற மாதிரி’ என்று சொன்னால் போதும். ‘எனக்கும் ஒண்ணு வாங்கித் தாங்க’ என்று ஜிம் பையன் எவனாவது வந்தால் மட்டும் கண்டிப்பாக மறுங்கள். நல்ல உடம்புக்காரன் போட்டால் அவன் விதைப்பை சொந்த வேலையை நிறுத்தும், விந்தணு குறையும், பூஜ்யமாகவும் ஆகலாம். திரும்பி வர மாதக்கணக்காகும். உங்களுக்கும் இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் இப்போதே டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கு வேறு ஊசிகள் இருக்கின்றன.

அடுத்த முறை போகும்போது நாள்காட்டியோடு வீட்டம்மாவையும் கூட்டிப் போங்கள். எந்த நாளில் யாரிடம் எரிந்து விழுந்தீர்கள் என்பது அவருக்குத்தான் சரியாக ஞாபகம் இருக்கும்.