சுண்டெலித் தொடையில் ஆன்டிபயாடிக் சோதனை: கேள்வி பதில்

எலியின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து, தொடையில் கிருமியை ஏற்றி, மருந்து கொடுத்து, தொடையில் எத்தனை கிருமி இருக்கிறது என்று எண்ணும் சோதனை இது.

கே: மேடம், எலியின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் சைக்ளோபாஸ்பமைடு மருந்து எப்போது, எவ்வளவு?

ப: கிருமி ஏற்றுவதற்கு 4 நாள் முன்பு கிலோவுக்கு 150 மி.கி., முந்தின நாள் 100 மி.கி.; இரண்டும் வயிற்றறைக்குள். நியூட்ரோபில் (கிருமியைக் கொல்லும் வெள்ளையணு) ரத்தத்தில் கன மில்லிமீட்டருக்கு 100க்குக் கீழே இறங்கிவிடும். கிருமியைக் கொன்றது மருந்தா, எலியின் உடம்பா என்ற குழப்பம் அதன்பின் இருக்காது. கூண்டில் விரித்த தூளிலும் இந்த மருந்து கலந்திருக்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

கே: மருந்தே போடாத எலிகளில்கூட கிருமி பெருகவில்லை. எங்கே தப்பு?

ப: பெரும்பாலும் ஊசியில். மில்லிக்கு 1 கோடி கிருமி உள்ள கரைசலில் 0.1 மில்லி போட்டால் தொடைக்கு 10 லட்சம் போகும். ஊசி மேலோட்டமாகக் குத்தினால் பாதி வழிந்துவிடும். இரவெல்லாம் வளர்ந்து தேங்கிய கிருமியை அப்படியே எடுப்பதும் தப்பு. புது ஊடகத்தில் மாற்றி, வேகமாகப் பெருகும்போது எடுங்கள். கடைசி எலிக்குப் போட்டபின் மிஞ்சிய கரைசலையும் தட்டில் பரப்பி எண்ணுங்கள். இதைச் செய்யாமல் எலியைப் பழிப்பவர்கள்தான் அதிகம். சில கிருமிகளுக்கு எலியின் உடம்பு ஒத்துவராது என்பதும் உண்மை; அப்போது அந்தக் கிருமியில் வேறு ரகம் தேடுங்கள்.

கே: 24 மணி நேர கன்ட்ரோலோடு (மருந்து போடாத எலிகளோடு) ஒப்பிட்டால் போதாதா?

ப: போதாது. கிருமி ஏற்றிய 2 மணி நேரத்தில், அதாவது ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸுக்குச் சற்று முன்பு, சில எலிகளைக் கருணையோடு கொன்று எண்ண வேண்டும். தொடையை 5 மில்லியில் அரைத்து, 1000 மடங்கு நீர்த்து, 0.1 மில்லி பரப்பியதில் 42 காலனி (ஒரு கிருமியிலிருந்து வளர்ந்த புள்ளி) என்றால் 42 × 10 × 1000 × 5 = 21 லட்சம், அதாவது 6.32 லாக் (10-இன் அடுக்கு; 1 லாக் கூடினால் 10 மடங்கு). மருந்து கொடுத்த எலியில் 24 மணியில் 7.3 வந்தால், கன்ட்ரோல் 8.8 ஆக இருந்தாலும், மருந்து கிருமியைக் கொல்லவில்லை. வளர்ச்சியை மட்டுப்படுத்தியிருக்கிறது, அவ்வளவுதான்.

கே: நீர்க்காத தட்டில் காலனி குறைவு, 10 மடங்கு நீர்த்ததில் அதிகம். எப்படி?

ப: தசையில் தங்கிய மருந்து தட்டிலும் வேலை செய்கிறது. அரைத்த கரைசலைச் சுழற்றி, கிருமியை அடியில் படியவைத்துக் கழுவுங்கள்; பெனிசிலின் என்றால் அதைச் சிதைக்கும் பெனிசிலினேஸ் என்ற நொதியைச் சேருங்கள்.

கே: மனித டோஸை எடைக்கு ஏற்பக் குறைத்தால் சரியா?

ப: சரியில்லை. எலியின் சிறுநீரகம் பெனிசிலின் போன்ற பீட்டா-லாக்டம் மருந்துகளை மளமளவென்று வெளியேற்றிவிடும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்துக் கொடுத்து, ரத்தப் புரதத்தில் ஒட்டாத மருந்து எம்.ஐ.சி.க்கு (கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவுக்கு) மேல் நிற்கும் நேரத்தை மனிதருக்கு இணையாக்குங்கள்.

கே: டிரைமெத்தோபிரிம் என்ற ஆன்டிபயாடிக் சோதனைக்குழாயில் கொல்கிறது, எலியில் தோற்கிறதே?

ப: கிருமி தன் டி.என்.ஏ.வுக்கு வேண்டிய தைமிடினைத் தயாரிப்பதைத்தான் இந்த மருந்து தடுக்கிறது; எலி ரத்தத்திலோ தைமிடின் அதிகம். கிருமி அதை எடுத்துக்கொண்டு தப்பித்துவிடும். மருந்தைக் குறை சொல்லாதீர்கள்.

கே: சுண்டெலிக்குப் பதில் கினிப்பன்றி?

ப: பெனிசிலினுக்கு வேண்டவே வேண்டாம். அதன் குடல் நுண்ணுயிர்கள் குலைந்து, மருந்தாலேயே செத்துப்போகும்.

கே: 24 மணிக்கு முன்பே எலி துவண்டுவிட்டால்?

ப: காத்திருக்காதீர்கள். அப்போதே கருணைக்கொலை செய்து, தொடையை எடுத்து எண்ணி, நேரத்தைக் குறித்து வையுங்கள். விலங்கு நெறிமுறைக் குழுவுக்குத் தரும் விண்ணப்பத்திலேயே இது இருக்க வேண்டும்.