பதில்: கிட்டூயி மணல் அணை ஆகஸ்டிலேயே வற்றுவது

வணக்கம். கென்யாவின் கிட்டூயியில் பருவ ஓடையின் குறுக்கே மணல் அணையாக, அதாவது மணலைத் தேக்கி அதன் இடுக்குகளில் நீரைச் சேமிக்கும் சுவராக, 3 மீட்டர் சுவரை ஒரே கட்டமாக எழுப்பியதாகவும், மணல் விளிம்புவரை நிறைந்தும் அக்டோபர் மழைக்கு முன்பே ஊற்றுக்குழி வற்றுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கசிவைத் தேடும் முன், உள்ளே இருப்பது மணல்தானா என்று பாருங்கள். என் சந்தேகம் அதில்தான்.

முழு உயரச் சுவர் வெள்ளத்தைக் குளமாகத் தேக்கிவிடும். வேகம் இழந்த நீரில் பருமணல் ஓடையின் மேற்புறத்திலேயே, சுவருக்கு வெகு முன்பாகவே, தங்கிவிட, வண்டலும் களியும் சுவரையொட்டிப் படியும். பருமணலில் அதன் கன அளவில் சுமார் 35 விழுக்காடு நீரை எடுக்கலாம். வண்டலில் 5 தேறினாலே அதிகம்.

சுவருக்கு அருகில் ஒரு குழி, ஓடையின் மேற்புறமாக 30 மீட்டர் தள்ளி இன்னொன்று தோண்டுங்கள். பக்கங்களைச் சரிவாக வெட்டுங்கள், செங்குத்தாக வெட்டினால் மணல் சரிந்து ஆளை மூடிவிடும். அரை மீட்டருக்கு ஒரு முறை 20 லிட்டர் மண் எடுத்துக் காயவையுங்கள். அடியில் துளையிட்டு, உட்புறம் துணி வைத்து அடைத்த வாளியில் அதைக் கொட்டி, மேலே நீர் தெரியும்வரை ஊற்றுங்கள். பிறகு அடைப்பை எடுத்து, வடியும் நீரை அளங்கள். 6 லிட்டருக்கு மேல் வந்தால் நல்ல மணல், கசிவைத் தேடலாம். 1 லிட்டர்தான் என்றால் வண்டல்.

வண்டலானால் ஊற்றை மேற்புறப் பருமணலுக்கு மாற்றுங்கள். வண்டல் ஓடைக்குள் அடித்து வராமலிருக்க, கரைச்சரிவுகளில் ஃபான்யா ஜூ வரப்பும் (பள்ளம் வெட்டி, மண்ணை மேட்டுப்பக்கம் போட்டு எழுப்பும் வரப்பு) நேப்பியர் புல்லும் அவசியம். அடுத்த அணையில் வழிந்தோடியை (வெள்ளம் வழிந்து செல்லும் சுவர்ப்பகுதியை) 30 செ.மீ. அளவில் மட்டும் உயர்த்துங்கள்; அது மணலால் நிறைந்த பிறகே அடுத்த கட்டம்.